முகமும் சட்டையும்

எங்கள் முதலாளி குணசேகர் கணினி வரைகலையின் தந்தை. கம்பெனியின் இருபத்தைந்தாம் ஆண்டு விழா அழைப்பிதழில் அப்படித்தான் போட்டிருந்தது. வாசகம் எழுதியதும் அவரே.

வரலாறு சின்னதுதான். லிங்கராஜபுரத்தில் ஒரு மாடி அறை, ஒரே ஒரு கம்ப்யூட்டர். கல்யாண வீடியோவில் ரோஜா விரியும்; உள்ளே மாப்பிள்ளையும் பெண்ணும் சுழல்வார்கள். அந்த ரோஜாவை விரிய வைத்தவள் யூனிஸ் ஆகிய நான். பிறகு பக்திப் படத்துக்குப் பாம்பு, சீரியலுக்குத் தீ. இப்போது எலக்ட்ரானிக் சிட்டியில் முந்நூறு பேர் உட்கார்ந்து வெளிநாட்டு நாயகர்கள் பறப்பதற்காகக் கட்டிய இடுப்புக் கயிற்றைப் படத்திலிருந்து அழிக்கிறோம். படம் முடிந்து ஓடும் பெயர்களில் எங்களுக்குப் பத்து இடம் தருவார்கள். முதலாளி, அவர் மனைவி, மச்சான்கள் என்று பத்தும் தீர்ந்துவிடும். ஒரு தடவையாவது என் பெயர் வராதா என்று வெட்கம்கெட்ட ஆசை எனக்கு.

விழாவுக்கு முந்தின வாரம் பழைய போட்டோ ஒன்றை நீட்டினார். முதல் கம்ப்யூட்டர் முன்னால் நான். எடுத்தவர் அவர்.

“யூனிஸ்மா, ஹிஸ்டரி வீடியோவுக்கு இது ஒண்ணுதான் இருக்கு. நான் இல்லாம என்ன ஹிஸ்டரி? உன் முகம், புடவைய எடுத்துட்டு என் முகம், சட்டை போட்டுடு. அஷ்டே, அவ்வளவுதான்.”

ஊரார் படத்திலெல்லாம் ஆளை அழித்தவள், என்னையே அழித்தேன். அழுகை வந்தது. கைகளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. செல்போனில் பார்த்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

விழாவில் படம் சுவரளவுத் திரையில் வந்தது. இளமையான குணசேகர், அரைக்கைச் சட்டை, கீபோர்டில் கைகள். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். வளைகாப்புக்கு மறுநாளே என்னை வேலைக்கு இழுத்தவர் அவர்தானே.

“எத்தனாவது மாசம் சார்?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். அரங்கம் சிரித்தது.

முதலாளி கையிலிருந்த மைக்கை மறந்து கத்தினார்: “யூனிஸ், உன் கைய ஏன்மா எடுக்கல?”

எழுந்து நின்றேன். “நீங்க முகமும் சட்டையும்தான் கேட்டீங்க சார். கேக்காததத் தொட்டா சம்பளத்துல பிடிப்பேன்னு ரூல் போட்டதே நீங்கதானே.”

முந்நூறு பேரும் என் பக்கம் திரும்பிக் கை தட்டினார்கள். முதல் கம்ப்யூட்டரில் இருந்தது யாருடைய கை என்பதை, பெயரோடு, முதலாளியே அறிவித்துவிட்டார்.