செம்பியன் எடுத்த கல்யாண வீடியோ

கடலூர் செம்மண்டலத்தில் வீட்டு முன்னறையிலேயே கல்யாண வீடியோ மிக்ஸிங் செய்து கொடுத்துக்கொண்டிருந்தாள் சத்யப்பிரியா. இப்போது எல்லோரும் பென் டிரைவில் கேட்பதால் டிவிடி போடுகிற வேலை அபூர்வமாகத்தான் வரும். அப்படி வந்த ஒன்றுதான் ஜெயராணியின் கல்யாண வீடியோ.

ஜெயராணிக்கு ஊர் சிதம்பரம். கல்யாணம் கடலூரில் நடந்தது. அதற்கு முந்தின வாரம் அவள் அப்பா சிங்காரத்துக்குப் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். மாப்பிள்ளை துபாய்க்குத் திரும்பியாக வேண்டும் என்பதால் தேதியைத் தள்ளிவைக்க முடியவில்லை. ஒரே மகளின் கல்யாணத்தை அப்பா பார்க்கவில்லை. இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். வலது கையும் பேச்சும் இன்னும் திரும்பவில்லை. வீட்டில் இருக்கும் பழைய டிவியில் பென் டிரைவ் செருக இடமில்லை. டிவிடி பிளேயரை மட்டும் இடது கையால் அவரே போட்டுக்கொள்வார். அதனால்தான் டிவிடியாக வேண்டும் என்று கேட்டிருந்தாள்.

வீடியோ எடுத்தவன் செம்பியன், சிங்காரத்தின் தங்கை மகன். கேமரா வாங்கி அதிக நாளாகவில்லை. ஆனால் நன்றாக எடுத்திருந்தான். சர்ச் வாசலிலும் பந்தியிலும் வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி, "மாமாவுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கேட்டிருந்தான். கேமராவுக்குப் பின்னால் இருந்ததால் அவன் முகம் எங்கும் வரவில்லை, குரல் மட்டும்தான். எடிட் செய்து முடிப்பதற்குள் சத்யப்பிரியாவுக்கு அந்தக் குரல் பழகிப்போய்விட்டது.

மெனு எல்லாம் போட்டு டிவிடி உருவாக்கக் கொடுத்தால் சாஃப்ட்வேர் முக்கால்வாசி ஓடிவிட்டு அப்படியே உறைந்து நின்றது. மவுஸை அசைத்தால் திரை வெளுத்துப்போனது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். வேறு டிஸ்க் மாற்றினாள். சாஃப்ட்வேரையே அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றினாள். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் நின்றது.

அந்த எரிச்சலில் இருந்தபோதுதான் ஜெயராணி போன் செய்தாள். அப்பா தினமும் டிவியைக் கைகாட்டிக் கேட்கிறார், எப்போது கிடைக்கும் என்றாள். தன் கம்ப்யூட்டர் நின்றுபோகிறது என்று சொல்ல சத்யப்பிரியாவுக்கு வாய் வரவில்லை. தொழில் தெரியாதவள் என்று நினைத்துவிடுவார்களே என்றிருந்தது. "எடுத்ததுலயே கோளாறு இருக்குதும்மா. ஃபைல் சரியில்ல. நான் எப்படியாவது பாத்துத் தரேன்" என்றாள். சரிக்கா என்று ஜெயராணி போனை வைத்துவிட்டாள்.

சொன்னதை நிஜமாக்கிக்கொள்ளத்தானோ என்னவோ, மறுநாள் அவள் ஒரு சோதனை செய்தாள். போன மாதம் ஒழுங்காக முடித்துக் கொடுத்த வேறொரு கல்யாணத்தின் ஃபைல்களை அதே சாஃப்ட்வேரில் போட்டுப் பார்த்தாள். அதுவும் அதே முக்கால்வாசியில் போய் நின்றது.

அப்புறம்தான் ஹார்டு டிஸ்கைத் திறந்து பார்த்தாள். ஒவ்வொரு டிவிடி செய்யும்போதும் சாஃப்ட்வேர் தற்காலிகமாக எழுதிவைக்கும் ஃபைல்கள் பழைய வேலைகளிலிருந்து அப்படியே குவிந்து கிடந்தன. சி டிரைவில் எழுத இடமே இல்லை. இடம் குறைவு என்று கம்ப்யூட்டர் பல நாளாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அவள்தான் ஒவ்வொரு முறையும் அதை மூடிவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறாள். குப்பையை அழித்து, அந்த ஃபோல்டரைக் காலியாக இருந்த டி டிரைவுக்கு மாற்றினாள். டிவிடி எங்கும் நிற்காமல் முடிந்து வெளியே வந்தது.

உடனே போன் செய்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். டிவிடி ரெடி என்று மட்டும் சொன்னாள். மற்றதை நேரில் பார்க்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அவளே பஸ் ஏறிச் சிதம்பரம் போனாள்.

ஜெயராணி காபி கொடுத்து உபசரித்தாள். சிங்காரம் டிஸ்கை வாங்கி, யாரையும் தொடவிடாமல் அவரே போட்டார். திரையில் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அவரிடம் பேசினார்கள். ஒவ்வொருவருக்கு முன்னாலும் செம்பியனின் குரல் வந்தது. குரல் கேட்டபோதெல்லாம் பெரியவர் திரையை விட்டுவிட்டு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"யாரைத் தேடுறாரு?" என்று சத்யப்பிரியா கேட்டாள்.

ஜெயராணி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். செம்பியன்தான் தினமும் காலையில் வந்து அப்பாவைத் தோளில் தாங்கி நடக்கவைப்பானாம். வீடியோவைப் பாழாக்கிவிட்டான் என்று தெரிந்த அன்று, அப்பாவின் ஒரே ஆசையைக் கெடுத்தவன் நீ, இந்த வாசல்படி ஏறாதே என்று ஜெயராணி எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டாளாம். அதிலிருந்து அவன் வரவில்லை. அப்பாவும் நடக்க மாட்டேன் என்கிறார்.

"நீங்க இல்லன்னா இதுவும் கெடைச்சிருக்காதுக்கா" என்றாள்.

சத்யப்பிரியா பாதிக் காபியோடு தம்ளரைக் கீழே வைத்தாள்.

"அவர் எடுத்ததுல ஒரு கோளாறும் இல்லம்மா. என் கம்ப்யூட்டர்லதான் கோளாறு. ஒங்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

ஜெயராணி திட்டுவாள் என்று சத்யப்பிரியா காத்திருந்தாள். அவள் திட்டவில்லை. "எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேனேக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை எடுத்துச் செம்பியனைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. திரும்பக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

நம்பரை வாங்கிச் சத்யப்பிரியா தன் போனிலிருந்து அடித்தாள். அவன் எடுத்தான். இத்தனை நாள் ஹெட்போனில் கேட்ட குரல் இப்போது சோர்ந்துபோய் ஒலித்தது. தான் யார் என்று சொன்னாள், செய்ததைச் சொன்னாள், மன்னிப்புக் கேட்டாள்.

"கேமராவ விக்கிறதுக்கு ஆள் பாத்துக்கினு இருந்தேங்க" என்றான். பிறகு, "மாமா பாக்குறாரா?" என்று கேட்டான்.

"பாத்துக்கினுதான் இருக்காரு."

"நாளைக்குக் காலையில வரேன்னு சொல்லுங்க. மாமாவுக்காகத்தான் வரேன்னு ஜெயராணிகிட்ட சொல்லிடுங்க."

அதை அப்படியே சொன்னாள். ஜெயராணி தலையை ஆட்டினாள். பெரியவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியவில்லை, "செம்பி" என்று பாதிப் பெயரைச் சொல்லிவிட்டு மறுபடியும் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

சத்யப்பிரியா கிளம்பியபோது ஜெயராணி வாசல் வரை வரவில்லை. வருவாள் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் செம்பியனுக்கு இன்னொரு முறை போன் செய்யலாமா என்று நினைத்தாள். அவனிடம் சொல்ல இனி என்ன இருக்கிறது என்று தோன்றியது. கடலூர் பஸ்ஸில் ஏறி, கூட்டத்தில் நின்றுகொண்டே ஊர் வந்து சேர்ந்தாள்.