தவணைக்கு ஞாயிற்றுக்கிழமை

ஆயுத பூஜை கழிந்ததிலிருந்து என் மனைவி பூங்கோதை மங்கலாகத் தெரிகிறாள்.

முதலில் போனில்தான் அப்படித் தெரிந்தாள். பூஜைக்கு அடுத்த ஞாயிறு அவளை ஒரு போட்டோ எடுத்தேன். முகம் இருக்க வேண்டிய இடத்தில் கலங்கலாக ஏதோ இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். நேரிலும் அதேதான். கை, புடவை, கரண்டி எல்லாம் சரியாக இருந்தன. முகம் மட்டும் வரவில்லை. 

திருப்பூரில் பாதிப் பேர் குடித்தனம் நடத்துவது போலத்தான் நாங்களும் நடத்துகிறோம். அவளுக்குப் பனியன் கம்பெனியில் பகல் ஷிப்ட். துணியில் கறை, ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. எனக்கு வேறொரு கம்பெனியில் ராத்திரி ஷிப்ட். காலையில் நான் செருப்பைக் கழற்றும்போது அவள் மாட்டிக்கொண்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் இரண்டு பேரும் முழுநாளும் ஒன்றாக விழித்திருப்போம். அந்த ஒரு நாளும் முகம் இல்லையென்றால் மனுசனுக்கு எரிச்சல் வராதா?

மச்சினன் கிருபாகரனைக் கூப்பிட்டேன். குடும்பத்தில் போன் விஷயம் தெரிந்தவன் அவன்தான். போன வருடம் விலை உயர்ந்த போன் வாங்கினான். அதிலிருந்து அவனுக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. தவணை முடியும்வரை கால்கள் ஃபைனான்ஸ் கம்பெனியில் இருக்கின்றன. அதற்காக அவன் வருத்தப்பட்டதில்லை. தினமும் எவ்வளவு நடந்தான் என்று போனில் கணக்கு வருகிறது. கம்பெனியில் யாரோ நடக்க விடுகிறார்கள் போலிருக்கிறது.

ஆட்டோவிலிருந்து அவனைத் தூக்கி வந்து நாற்காலியில் வைத்தேன். அக்காவை ஒரு பார்வை பார்த்தான்.

"அக்கா மேல ஒரு கோளாறும் இல்லீங்க மச்சான். உங்க போன் பத்தாது."

"எட்டாயிரம் ரூபா போன்டா."

"அதத்தான் சொல்றனுங்க. எட்டாயிரத்துக்கு முகம் வராது. கை காலு வந்ததே பெருசு."

கால் இல்லாதவன் சொல்கிறான். கேட்டுக்கொண்டேன். வேறு யாரைக் கேட்பது?

அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போனேன். வாசலிலேயே மலிவுப் போன்கள் இருந்தன. வெயில் நேராக அவற்றின் மேல் விழுந்துகொண்டிருந்தது. டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் கும்பிட்டார்.

"சொல்லுங்ண்ணா, எந்த மாதிரி பாக்கறீங்க?"

"பொண்டாட்டி முகம் தெரியோணும்."

"பாதி முகம் போதுங்களா, முழுசா வேணுங்களா?"

"முழுசா."

"அப்ப உள்ள போகோணுமுங்க."

உள்ளே போனோம். கடை நீண்டுகொண்டே போனது. இரண்டு பக்கமும் போன்கள். எல்லாம் ஒரே கறுப்புப் பலகை. எதிரே இருந்த விலைச்சீட்டு மட்டும் அகலமாகிக்கொண்டு வந்தது. விலை ஏற ஏற ஏசி குளிர்ந்தது. ஒரு வளைவில் எனக்குக் கம்பளி கொடுத்தார்கள். சும்மா சொல்லக் கூடாது, மரியாதை தெரிந்த கடை.

"இதுக்கும் வாசல்ல இருக்கறதுக்கும் என்ன வித்தியாசமுங்க?" என்று கேட்டேன்.

"இது உள்ள இருக்குதுங்க."

நியாயமாகத்தான் பட்டது. மேலே நடந்தோம்.

"இதுல நிலாவப் போட்டோ எடுத்தா அதுல இருக்கற பள்ளம்கூடத் தெரியும்ங்ண்ணா."

"எங்க மாடியில இருந்து நிலா தெரியாதுங்க. எதிர்வீட்டுத் தண்ணித் தொட்டிதான் தெரியும்."

"தொட்டிக்குள்ள இருக்கற பாசி தெரியும்ங்க."

"வாய்க்கால்ல விழுந்தா?"

"போனுக்கு ஒண்ணும் ஆகாதுங்க."

"நான் விழுந்தா?"

"அது கேரண்டியில வராதுங்க."

அப்போது அவர் சட்டைப் பையில் ஏதோ அலறியது. எடுத்தார். பட்டன் போன். ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. பேசிவிட்டு வைத்தார்.

"இது என்னுங்க?"

"இது பேசறதுக்குங்க."

கடைசியில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றோம். உள்ளே அதே கறுப்புப் பலகை. முதுகில் மூன்று கண்கள். இந்தக் கேமராவுக்கு மூளை இருக்கிறது, அதுவே யோசித்து எடுக்கும் என்றார். அதன் பிறகு நான் யோசிப்பதை நிறுத்திவிட்டேன். இரண்டு பேர் எதற்கு?

என் பழைய போனைக் காட்டி, எக்ஸ்சேஞ்சில் என்ன கிடைக்கும் என்று கேட்டேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாய்விட்டுச் சிரித்தார்.

"எவ்வளவுங்க?"

"குடுத்தாச்சுங்ளே. அந்தச் சிரிப்புதானுங்க."

பழைய போனைப் பையில் போட்டுக்கொண்டேன். தவணை ஆள் வந்தார். கையில் ஒரு தினசரிக் காலண்டர் வைத்திருந்தார்.

"பணமா நீங்க ஒண்ணும் கட்ட வேண்டியதில்லீங்க. ஞாயித்துக்கிழமைங்களக் குடுத்தாப் போதும்."

"எதுவரைக்குமுங்க?"

"தீர்ற வரைக்கும்."

"கடனா?"

"ஞாயித்துக்கிழமைங்க."

எனக்கு அவள் முகம் வேண்டும். தலையாட்டினேன். அவர் காலண்டரில் சிவப்பாக இருந்த தாள்களையெல்லாம் கிழித்து ஒரு கவரில் போட்டு ஒட்டினார். எந்த நாளில் அந்த முகத்தைப் பார்ப்பது என்று எனக்குத் தோன்றவே இல்லை. மூளை அட்டைப் பெட்டியில் இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். எனக்குச் சனிக்கிழமை ராத்திரி ஷிப்ட் கிடையாது. பூங்கோதையும் வந்திருந்தாள். பெட்டியைப் பார்த்ததும் கை கால் கழுவிவிட்டுத் தேங்காயும் சூடமும் எடுத்து வந்தாள். எங்கள் வீட்டில் மிக்ஸி வந்தாலும் வண்டி வந்தாலும் பூஜை போடாமல் தொட மாட்டோம். போனைச் சாமி படத்துக்கு முன்னால் கவிழ்த்து வைத்தாள்.

"மூணு கண்ணு இருக்குதுங்க. ஒண்ண உட்டா அதுக்கு வருத்தமாப் போயிரும்" என்று மூன்றுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தாள்.

சூடம் அணைந்ததும் அவளை நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்தேன். முகம் கலங்கலாக இருந்தது. நேரிலும் அதேதான்.

அடப் பாவிகளா! அத்தனை தூரம் கம்பளி போர்த்திக்கொண்டு நடந்தேனே.  கடைக்காரனை, மச்சினனை, மச்சினனின் இல்லாத கால்களை, எல்லோரையும் திட்டினேன். அவள் போனை வாங்கித் திருப்பினாள். பனியனில் கறை பார்ப்பது போல வெளிச்சத்தில் சாய்த்தாள்.

"அந்தப் பழசக் குடுங்க."

கொடுத்தேன். அதன் ஒற்றைக் கண்ணில் காய்ந்த சந்தனம் அப்பியிருந்தது.

"ஆயுத பூஜைக்கு நாந்தானுங்க வெச்சேன். இத்தன நாளாத் தொடைக்கவே இல்லையா நீங்க?"

"சாமிக்கு வெச்சத எப்படிப் புள்ள தொடைக்கறது?"

முந்தானையில் எச்சில் தொட்டு இரண்டு போனையும் துடைத்தாள். முகம் வந்துவிட்டது. முதலில் மூக்குத்தி, பிறகு மீதி. என்னைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டிருந்தாள். சட்டையில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கல்யாணத்தில்கூட நான் அழுததில்லை.

இரண்டு போனிலும் எடுத்தேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். எட்டாயிரத்தில் அவள் இருந்தாள். தாடையில் சின்ன வயதுத் தழும்பு இருந்தது. கண்ணுக்குக் கீழே ஆறு நாள் ஷிப்ட் இருந்தது. புதியதில் தழும்பு இல்லை. களைப்பும் இல்லை. மூளை இருக்கிற கேமரா, யோசித்து எடுத்துவிட்டிருந்தது.

"இது யாருங்க? நல்லா இருக்கறா" என்றாள் பூங்கோதை.

"அடுத்த வீட்டுக்காரியா இருக்கும். நீ நில்லு, உன்ன இன்னும் கொஞ்ச நேரம் பாத்துக்கறேன்."

"இப்ப எனக்குத் தூக்கம் சொக்குது. எங்க போயிறப் போறேன்? நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானுங்க. வெள்ளனே போயிக் கறி எடுத்துட்டு வந்துருங்க. சாப்பிட்டுப்போட்டு நாள் முழுக்க உக்காந்து பாருங்க, ஆரு வேண்டாங்கறா?"

கவரைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் கறி வாங்குகிற தூக்குப்போசியைக் கழுவி வாசலருகே வைத்துவிட்டுப் படுத்தாள்.

விடிந்ததும் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு கறிக்கடைக்கு ஓடினேன். கடை பூட்டியிருந்தது. பக்கத்து டீக்கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"திங்கக்கிழமை எவனுங்க ஆடு அறுப்பான்?"

புதுப் போன் நடுங்கியது. 'உங்கள் முதல் தவணை பெறப்பட்டது. நன்றி' என்று வந்திருந்தது.

திரும்பி ஓடினேன். பூங்கோதை அதற்குள் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டாள். பஸ் கிளம்பிவிட்டது. வேறு ஒன்றும் தோன்றாமல் புதுப் போனைத் தூக்கி ஒரு போட்டோ எடுத்தேன்.

விலை விலைதான். ஓடுகிற பஸ்ஸும் துளி ஆடாமல் வந்திருக்கிறது. கடைசி ஜன்னலில் அவள் முதுகு அவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது.