டார்ச் அடிக்காத மத்தியானம்

அந்த மருந்துத் தொழிற்சாலையில் அவளுக்கு டார்ச் அக்கா என்று பெயர். சுத்திகரிப்பு அறையின் நடுவே ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடித் தூண் நிற்கும். உள்ளே மாவு போல நைசான வெள்ளை ரெசின் மணிகள், ஈரமாக, இறுக்கமாக. உயிரணுக்களை வளர்த்து எடுத்த சாற்றை மேலிருந்து விட்டால், அந்த மணிகளின் மின்னூட்டம் மருந்தை மட்டும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கசடு கீழே கழிவுத் தொட்டிக்குப் போய்விடும். அப்புறம் உப்புக் கரைசலை விட்டால் மணிகள் பிடியைத் தளர்த்தும், சுத்தமான மருந்து தனியே இறங்கும். இதெல்லாம் நடக்க வேண்டுமானால் ரெசின் காயவே கூடாது. காய்ந்தால் வெடிப்பு விட்டுவிடும். சாறு மணிகளைத் தொடாமல் வெடிப்பு வழியாகவே ஓடிவிடும்.

அதனால் ஷிஃப்ட் மாறும்போது யார் தூணை ஒப்படைத்தாலும் அவள் டார்ச் அடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பாள். யார் முகம் சுளித்தாலும் கவலைப்பட மாட்டாள். "கல்யாணத்துக்கு முன்னாடி மாப்பிள்ளையையும் டார்ச் அடிச்சுத்தான் பார்த்திருப்பாங்க" என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். உண்மையில் அவள் டார்ச் அடிக்காத ஒரே ஆள் அந்த மாப்பிள்ளைதான்.

சில மாதங்களாக அதே அறையில் காலை ஷிஃப்ட் அவன், மத்தியான ஷிஃப்ட் அவள். பள்ளிக்கூடம் விட்டு வரும் மகளுக்கு வீட்டில் ஒருவர் வேண்டுமே என்று கேட்டு வாங்கிய ஏற்பாடு. வார நாட்களில் இருவரும் நின்று நிதானமாக முகம் பார்த்துக்கொள்வது அந்தத் தூணுக்கு முன்னால்தான். மகளுக்கு இருமல் நின்றதா, கேஸ் தீர்ந்துவிட்டதா என்பதெல்லாம் அங்கேதான் பேசி முடியும். அந்தக் கொஞ்ச நேரத்தில் கட்டின புருஷன் மேல் டார்ச் அடிக்க யாருக்கு மனசு வரும்?

"எப்படி இருக்கு?" என்று அன்றைக்கும் கேட்டாள்.

"கல்லு மாதிரி இருக்கு. நீ ஏத்து" என்றான். முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. அது சிரித்த மாதிரிதான் இருந்தது.

அவள் சாற்றை ஏற்றினாள். ஏற்றும்போது, கழிவில் மருந்து கலக்கிறதா என்று காட்டும் கணினித் திரையில் கோடு தரையோடு படுத்துக் கிடக்க வேண்டும். கோடு எழுந்தது. மருந்து பிடிபடாமல் கீழே போகிறது என்று அர்த்தம். பம்பை நிறுத்த ஓடினாள். அதற்குள் முக்கால்வாசி கழிவுத் தொட்டியில் கிருமியைக் கொல்ல ஊற்றி வைத்திருக்கும் காரத்தோடு கலந்துவிட்டது. எத்தனையோ பேர் ஊசிக்காகக் காத்திருந்த மருந்து. திருப்பி எடுக்க வழியே இல்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் மேலாளர் கூப்பிட்டு விசாரித்தார். "முந்தின ஷிஃப்ட்ல ஏதாவது ஆகியிருக்குமாம்மா?"

"வாய்ப்பே இல்ல சார். அவர் குடுக்கும்போது தூண் நல்லா இருந்துச்சு. நானே பார்த்தேன்."

பார்க்கவில்லை. ஆனாலும் சத்தியம் செய்கிற குரலில் சொன்னாள். அவனுக்கு மேற்பார்வையாளர் பதவி வரும் சமயம். அதில் மண் விழுந்துவிடக் கூடாதே என்ற பதைப்பு. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான். அது அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

அன்று ராத்திரி அவள் வீடு திரும்பியதும் அவனே டீ போட்டுக் கொடுத்தான். "ஏத்தறப்போ வேகம் கொஞ்சம் கூடிப் போச்சுன்னு சொல்லிடேன். உன்கிட்ட நல்ல பேர் இருக்கு. ஒரு எச்சரிக்கையோட விட்டுருவாங்க" என்றான். எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டாள். பாவம்.

இரண்டு நாள் கழித்துத் தூணைத் திறந்தார்கள். ரெசின் கண்ணாடியை விட்டு விலகி, உச்சியிலிருந்து பாதி ஆழத்துக்கு வெடித்திருந்தது. விளிம்பு காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. வேகமாக ஏற்றினால் ரெசின் அமுங்கும், காயாது. தூணை ஈரமாக வைக்கும் கரைசல் அதன் தொட்டியில் தீர்ந்து பம்பு காற்றை இழுத்தால்தான் இப்படி ஆகும். அவள் ஷிஃப்டில் கரைசல் தீரவே இல்லை.

"வேகத்தாலயும் வரும்ல?" என்றார் மேலாளர், பாதி கேள்வியாக. அவளோ முதலில் வீட்டில் கேட்டுவிடலாம் என்றிருந்தாள்.

கேட்டாள். முதலில் மழுப்பினான். அவள் விடவில்லை.

"மேலாளர்தான் பதவி விஷயமா பேசணும்னு கூப்பிட்டார். பேச்சுல நேரம் போனது தெரியல. வந்து பார்த்தா தொட்டி காலி. உடனே கரைசல் ஊத்திட்டேன். மேலால நல்லாத்தான் தெரிஞ்சுது."

"தெரிஞ்சுதான் என்கிட்ட கல்லு மாதிரி இருக்குன்னு சொன்னீங்களா?"

"நீ டார்ச் அடிப்பேன்னு நினைச்சேன்."

அவளை மருந்து போனதைவிட இந்த ஒரு வார்த்தைதான் அறுத்தது. நம்பியதையே குற்றமாக அவள் தலையில் கட்டுகிறானே! ஆனால் அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கினான். நாளைக்கு நானே மேலாளரிடம் சொல்லிவிடுகிறேன் என்று மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். இவள் இன்னொரு தடவை நம்பினாள்.

மறுநாள் மேலாளர் அறையில் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். சொல்லப் போகிறான் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்; அவன் அவமானப்படுவதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

"நான் குடுக்கும்போது நல்லாத்தான் சார் இருந்துச்சு" என்றான். "அவளே பார்த்துட்டு உங்ககிட்ட சொன்னாளே. அவளையே கேளுங்க."

அவள் நிமிர்ந்தாள். பேசினாள். காய்ந்த விளிம்பு, காலியான தொட்டி, நேற்று அவன் அழுதது எல்லாவற்றையும் கொட்டினாள். மேலாளர் பேனாவை மூடி வைத்தார்.

"அன்னைக்கு நானே பார்த்தேன்னீங்க. இப்போ மாட்டினதும் புருஷனைக் கை காட்டறீங்க. எதை நம்பறது?"

அன்றைக்குப் பதவிப் பேச்சுக்காக அவனைத் தானே கூப்பிட்டு வைத்திருந்ததை அவர் சொல்லவில்லை. சொன்னால் அவர் பக்கமும் விரல் நீளுமே.

இனி அவள் தூணைத் தொடக் கூடாது. பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டும் பிரிவுக்குப் போக வேண்டும் என்று முடிவாயிற்று. இருவரும் வெளியே வந்தார்கள். வராந்தாவில் அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"கோவிச்சுக்காதே. பதவி வந்தா யாருக்கு வருது? நமக்குத்தானே. ஒரே குடும்பத்துல பழி யார் பேர்ல போனா என்ன?"

"ஒண்ணுமில்லதான்" என்றாள் அவள், தாழ்த்தாத குரலில். "அப்போ உங்க பேர்லயே போயிருக்கலாமே?"

அவன் அவளைப் பார்க்கவில்லை. மேலாளர் காதில் விழுந்துவிட்டதா என்றுதான் திரும்பிப் பார்த்தான்.