பிரிட்ஜுக்குள் வெளிச்சம்

அடுக்களை ஜன்னல் மேடையில் குடுவை இல்லை. உலகம்மை செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே நின்றாள். நாகர்கோவில் கல்யாணத்திலிருந்து திரும்பும் வழி முழுக்க அவள் மனம் இந்த ஜன்னலில்தான் கிடந்தது. பந்தியில் பாயசம் இரண்டாம் முறை வந்தபோதும் இலையைக் கவனிக்காமல் மணி பார்த்தாள். "எனக்குச் சக்களத்தன் ஒருத்தன் குப்பிக்குள்ள இருக்கான்" என்று பஸ்ஸில் கணவன் பத்மகுமார் கேலி செய்தபோது, அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு ஜீனை நீக்கி அவள் உண்டாக்கிய நீலப்பச்சைப் பாசி அது. மூன்று வருஷத்து ஆராய்ச்சி. ஆய்வுக்கூடத்தில் மற்ற குடுவைகளிலெல்லாம் பூஞ்சை புகுந்துவிட்டது. அறைக்கு மருந்தடித்துப் பூட்டியபோது, மிஞ்சிய ஒன்றை ஸ்ரீவராகத்து வீட்டுக்குத் தூக்கி வந்திருந்தாள். அது என்னவென்று மாமியார் கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல அத்தை, பாசித்தண்ணி" என்று சொன்னதோடு சரி. கல்யாணமாகி ஆறு மாதத்தில் மாமியாரிடம் தன் வேலையைப் பற்றி அவள் பேசியதே அவ்வளவுதான்.

"ஒனக்க தண்ணியா மக்ளே? பத்திரமா இருக்கு" என்றாள் மாமியார் சரஸ்வதியம்மாள், முகம் மலர. "பங்குனி வெயில்லா? கெட்டுப் போவாண்டாம்னு காலைலயே பிரிட்ஜில எடுத்து வச்சுட்டேன்."

உலகம்மை பிரிட்ஜின் கைப்பிடியைப் பிடித்தாள். திறக்கவில்லை.

"ஏம் மக்ளே? தப்பாயிப் போச்சா?"

கோபம் வந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் அதை வெளியே விட முடியவில்லை. "அத்தை, மத்த பாசி நல்லெண்ணெ மாதிரி. அதுக்க தோல்ல இருக்கிற கொழுப்பு குளுருல இளகியே கெடக்கும். இது தேங்காண்ணெ மாதிரி."

"உறஞ்சிரும்."

"அப்பிடித்தான். வெளிச்சத்துலதான் அது சாப்பாடு உண்டாக்கும். அந்த வெளிச்சமே சாப்பாடு உண்டாக்குற பாகத்தைக் கேடாக்கவும் செய்யும். கேடானதை அது அப்பப்போ மாத்திக்கிடும். கொழுப்பு இறுகிப் போனா மாத்த முடியாது."

"அப்போ குளுரு கொன்னுரும்."

"குளுரு மட்டும் ஒரு நாள்ல கொல்லாது. இருட்டுல இருந்தா தாங்கிரும். குளுரும் வெளிச்சமும் சேந்தாத்தான்..." சொல்லிக்கொண்டே கணவன் பக்கம் திரும்பினாள். "கதவை மூடினா பல்பு அணைஞ்சிரும்லா அத்தான்?"

பத்மகுமார் காலண்டரைப் பார்த்தான்.

"லேய், சொல்லேன்" என்றாள் சரஸ்வதியம்மாள். "அந்தக் கதவுச் சுவிச்சு கேடாயிப் போச்சு, ஆளைக் கூப்பிடுன்னு சிவராத்திரில இருந்து சொல்லுதேன். கழக்கூட்டத்து ஆபீசுல ஊருக்கெல்லாம் கம்ப்யூட்டர் பாக்கான், வீட்டுல ஒரு பல்பு பாக்கமாட்டான்."

அவன் எழுந்துபோய் அடுக்களை விளக்கை அணைத்தான். வெளியே அந்தி இருண்டுகொண்டிருந்தது. பிரிட்ஜ் கதவின் ரப்பர் ஓரத்தில், கிழிந்திருந்த இடத்தில், நூல் போல ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது.

குடுவை உள்ளே இருந்த நேரமெல்லாம் பல்பு எரிந்திருக்கிறது. பத்மகுமார் அவள் தோளைத் தொட வந்தான், அவள் விலகிக்கொண்டாள். கதவை வெடுக்கென்று திறந்தாள். மாவுச்சட்டி, மோர், வாழையிலையில் பொதிந்த பிச்சிப்பூ. குடுவையைக் காணோம்.

"எங்க அத்தை?"

"அந்தத் தூக்குவாளிக்குள்ள. மோருல பாசி மணம் அடிச்சிரக் கூடாதுல்லா, அதான் மூடி போட்டு வச்சேன்."

உலகம்மை எவர்சில்வர் வாளியை இரு கையாலும் எடுத்தாள். குளிர் விரல்களில் ஏறியது. எவர்சில்வருக்குள் வெளிச்சம் புகாது; ஆனால் மூடி முழுசாக மூடியிருக்கவில்லை. குடுவையின் வாயில் செருகியிருந்த பஞ்சு வாளி விளிம்புக்கு மேலே எழும்பி நிற்க, அதன் தலையில் மூடி தொப்பி மாதிரி ஒரு பக்கமாய்ச் சரிந்திருந்தது.

"லைட்டப் போடட்டா?" பத்மகுமாரின் குரல் தணிந்திருந்தது. கை சுவிட்சின் மேலேயே நின்றது.

பிறகு சுவிட்சை விட்டுவிட்டு அவனும் பக்கத்தில் வந்தான். திறந்து கிடந்த பிரிட்ஜின் மஞ்சள் வெளிச்சத்தில், மூன்று பேரும் குனிந்து, மூடிக்கும் வாளிக்கும் நடுவே இருந்த பிறை போன்ற இடுக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.