ஹெதரின் பாவத்துக்கு என் தலை

ஆஸ்திரேலியாவிலிருந்து கடவுளின் அன்பைச் சொல்ல வந்த ஹெதர், கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறிய மூன்றாவது வளைவிலேயே காலையில் தின்ற பொங்கலை வெளியே எடுத்துவிட்டார். வெள்ளிமலைக்கு அப்பால் இருந்த அந்தச் சின்னச் சபைக்குப் போய்ச் சேரும்போது வயிற்றில் ஒன்றும் மிச்சமில்லை, தொண்டையில் குரலும் இல்லை.

நான் மொழிபெயர்க்கப் போனவள். பெயர் தனுஷா, ரிஷிவந்தியம் பக்கம், எம்.ஏ. ஆங்கிலம். எங்கள் வம்சத்திலேயே காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். மிதித்து என்ன கிழித்தாய் என்று நீங்கள் வேறு கேட்க வேண்டாம், எங்கள் தெருவே கேட்டுக்கொண்டிருக்கிறது. ஆசிரியர் தகுதித் தேர்வில், அதுதான் டெட்டில், மூன்று முறை ஃபெயில். அம்மாவிடமும் பாஸ்டர் சரத்குமாரிடமும் பாஸ் என்று சொல்லி வைத்திருந்தேன். பாஸ்டர் நடத்தும் பள்ளிக்கூடத்தில் டெட் பாஸானவர்களைத்தான் எடுப்பார்கள். இந்தப் பயணத்தில் ஒழுங்காக மொழிபெயர்த்தால் திங்கட்கிழமையே டீச்சர் வேலை, சர்டிபிகேட் வரும்போது வரட்டும் என்று அவர் சொல்லியிருந்தார். கடவுளோடு எனக்குப் பேச்சு கிடையாது. இரண்டாவது ஃபெயிலோடு நிறுத்திவிட்டேன்.

பாட்டு முடிந்தது. ஹெதரால் நிற்க முடியவில்லை. எனக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி தன் சாட்சியை ஆங்கிலத்தில் முனகினார். மைக் என் கையில். பேசுகிறவர் அழுதால் மொழிபெயர்க்கிறவரும் அழ வேண்டும், கத்தினால் கத்த வேண்டும், அதுதான் எங்கள் கூட்டங்களின் பழக்கம். செய்தி வாசிக்கிற மாதிரி வாசிக்காதே, உயிரோடு சொல் என்று பாஸ்டர் வேனிலேயே எச்சரித்திருந்தார்.

உயிரோடு சொன்னேன். பதினெட்டு வயதில் குடிக்க ஆரம்பித்தேன். இரண்டு கல்யாணம், இரண்டும் விவாகரத்து. அப்பாவின் காரைத் திருடி விற்றேன். சாக்கடை ஓரம் கிடந்தவளை ஆண்டவர் தேடி வந்தார். எனக்கிருந்த கோபத்தையெல்லாம் அதில் கொட்டினேன். முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நன்றாகத்தான் போகிறது என்று நினைத்தேன்.

அந்தச் சபைக்கு ஒரு வழக்கம் இருந்ததை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சாட்சி சொன்னவரை மண்டி போட வைத்து, மொத்த சபையும் வரிசையாக வந்து தலையில் கை வைத்து ஜெபிக்கும். ஒருத்தர்கூட பாக்கி இருக்கக் கூடாது.

ஹெதரிடம் போகட்டும் என்று ஒதுங்கினேன். பாவாயி என்கிற பெண், சாமை அறுத்துக் காய்த்த கையால் என் தோளை அழுத்தி மண்டி போட வைத்தார்.

"ரெண்டு புருஷனும் போனா போறானுங்க. ஒனக்கு இன்னா வயசாயிடுச்சி இப்ப?"

அடுத்து வந்த மூக்கன் என்பவர், பசி தாங்காமல்தான் பிள்ளை காரை விற்றிருக்கும் என்று என் சார்பில் கடவுளிடம் வாதாடினார். ஹெதர் நாற்காலியில் தூங்கிப்போயிருந்தார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அதெல்லாம் அந்த அம்மா பண்ணியது, நான் சாராயத்தை மோந்துகூடப் பார்த்ததில்லை என்றேன். பாவாயி நம்பவில்லை. சாட்சி சொன்ன பிறகு இப்படிப் பயம் வருவது சகஜம், எனக்கும் வந்தது என்று சொல்லி என் தலையை வயிற்றோடு அணைத்துக்கொண்டார். புடவையில் அடுப்புப் புகை வாசம்.

என்னை இப்படி யாரும் பிடித்துக்கொண்டு பல வருஷமாகிறது. எங்கள் வீட்டில் மார்க் ஷீட்டைத்தான் தடவிப் பார்ப்பார்கள். குடிகாரி, திருடி என்று நம்பிக்கொண்டே இந்த ஜனங்கள் என்னை விடாமல் பிடித்திருந்தார்கள். ஆனால் அத்தனையும் ஹெதருக்குச் சேர வேண்டியது. அடுத்தவள் சாப்பாட்டைத் தின்கிற மாதிரி இருந்தது. மைக் இன்னும் கையில் இருப்பதை மறந்துவிட்டேன்.

"அக்கா, நான் குடிக்கல. டெட்ல மூணு தபா ஃபெயிலு. பாஸுன்னு எல்லாருகிட்டயும் பொய் சொல்லிக்கினு கீறேன்."

ஸ்பீக்கர் அதை எதிர்மலை வரைக்கும் கொண்டுபோனது. பாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"டெட்டுன்னா?" என்றார் பாவாயி.

"பரீட்சைக்கா."

"பரீட்சையா?"

அவர் முகத்தில் ஏமாற்றம் அப்பட்டமாகத் தெரிந்தது. கொஞ்சம் யோசித்தார். பிறகு எல்லாரும் வரிசையில் முதலிலிருந்து வாருங்கள் என்று சபைக்குக் குரல் கொடுத்தார். வேற பாவத்துக்கு வைத்த கை இதுக்குச் செல்லாதாம்.

சபையின் பதினெட்டுக் குடும்பமும் சலிப்பில்லாமல் மறுபடி வந்தது. நாலாவது கையிலேயே அழுதுவிட்டேன். மைக்குக்காக அழுகிற அழுகை வேறு. இதில் மூக்கும் சேர்ந்து ஒழுகியது. நீதானா என்று உள்ளுக்குள் கடவுளிடம் கேட்டேன். பதிலுக்குக் கைகள்தான் வந்துகொண்டிருந்தன. காய்த்த கை, மஞ்சள் வாசக் கை, குழந்தையின் பிசுபிசுத்த கை. அது போதும் போலிருந்தது.

ஹெதர் விழித்துக்கொண்டு, என்ன ஏது என்று கேட்காமல் தள்ளாடி வந்து அவரும் கை வைத்தார். பாஸ்டர் ஒதுங்கத்தான் பார்த்தார். உங்களுக்கு மட்டும் தனிச் சட்டமா என்று பாவாயி கேட்டதும் ஜிப்பாக் கையை மடித்துக்கொண்டு வந்தார். என் தலையில் கை வைத்து, குனிந்து காதருகில் சொன்னார்.

"திங்கக்கிழம வர வேணாம்மா."

"தெரியும் ஐயா."

"அம்மாகிட்ட?"

"நானே சொல்லிக்கிறேன்."

சொல்லி முடித்தாயிற்று, கையை எடுத்துவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் எடுக்கவில்லை.