கோர்ட்டுச் சேலை

பல் பிடுங்குவதற்கு முன்னால் டாக்டர் ஈறில் ஒரு ஊசி போடுவாரே, அதற்குப் பிறகு நம் கன்னத்தைத் தொட்டால் யாரோ இன்னொருத்தர் கன்னத்தைத் தொடுகிற மாதிரி இருக்கும். பட்டமளிப்பு விழா அன்று எனக்கு உடம்பு முழுக்க அப்படித்தான் இருந்தது. கறுப்பு அங்கியை மாட்டிவிட்டார்கள், மாட்டிக்கொண்டேன். போட்டோவுக்குச் சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தேன். சட்டம் படித்து முடித்தவளுக்குச் சந்தோஷம் வரவேண்டும். வரவில்லை. வருத்தமாவது வந்ததா என்றால் அதுவும் இல்லை.

பக்கத்து நாற்காலி ரக்ஷா அதற்குள் இரண்டு தடவை அழுதுவிட்டாள். மல்லேஸ்வரத்துப் பெண், தாத்தா காலத்திலிருந்து வக்கீல் குடும்பம். ஆளுக்கு இரண்டு பாஸ்தான் என்று கல்லூரி கறாராகச் சொல்லியிருந்தும் ஒரு வரிசை முழுக்க அவள் சொந்தக்காரர்கள் உட்கார்ந்து பூந்தி தின்றுகொண்டிருந்தார்கள். சட்டக் கல்லூரியில் விதியைச் சுற்றிப்போவது எப்படி என்று தனியாகப் பாடம் நடத்தத் தேவையில்லை.

என் இரண்டு பாஸும் அல்சூரில் எங்கள் பக்கத்து வீட்டு குளோரியா ஆண்ட்டியிடம் இருந்தன. ஒன்று அவருக்கு. இன்னொன்று வீணாகப் போகும் என்று நினைத்திருந்தேன், ஏனென்றால் அம்மாவுக்கு அன்றைக்குக் கோர்ட்டு.

அங்கியில் பை கிடையாது. போனை உள்ளங்கையில் வைத்து அங்கிக்குள் மறைத்துக்கொண்டேன். அம்மாவின் குறுக்கு விசாரணை முடிந்ததும் எங்கள் வக்கீல் டெஸ்மண்ட் சாரிடமிருந்து செய்தி வரும். அந்த ஒரு செய்திக்காகத்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், பட்டத்துக்காக அல்ல.

அப்பா முனிராஜ் பெயிண்டர். ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் வெளிச்சுவருக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தபோது சாரம் சரிந்து விழுந்து இறந்துபோனார். நான் அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். நஷ்டஈடு கேட்டு அம்மா கேஸ் போட்டாள். கான்ட்ராக்டர் கொடுத்த பதில் ஒரே வரி: அப்படி ஒரு ஆள் எங்களிடம் வேலையே செய்யவில்லை. அப்படியானால் அவர் எதற்காக அந்தச் சாரத்தில் ஏறினார், காற்று வாங்கவா? அம்மாவுக்கு நஷ்டஈடு வராததைவிட இந்த வரிதான் நெஞ்சில் முள்ளாக நின்றது. லேடீஸ் ஹாஸ்டல் சமையலறையில் வேலை முடித்து வந்து உட்கார்ந்ததும், "அவர் அங்க வேல செஞ்சாருன்னு அவனுங்க வாயால ஒத்துக்கட்டும், அது போதும் எனக்கு" என்பாள். அதற்காகத்தான் நான் சட்டம் படித்தேன். இதை நேர்முகத் தேர்வில் சொன்னபோது பேராசிரியர்கள் நெகிழ்ந்துபோனார்கள். நான் சொன்னது உண்மைதான். ஆனால் உண்மையைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அதுவும் மனப்பாடச் செய்யுள் ஆகிவிடுகிறது.

கேஸ் சாண் ஏறினால் முழம் சறுக்கியது. எதிர்த்தரப்பு வக்கீல் வாய்தா கேட்பார். நீதிபதி மாறுவார். புதிதாக வந்தவர் முதலிலிருந்து படிப்பார். அம்மா ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரே சாம்பல் நிறப் பருத்திச் சேலையைக் கட்டிக்கொண்டு போவாள். அதற்குக் கோர்ட்டுச் சேலை என்றே பெயர். கல்யாணத்துக்கோ கோயிலுக்கோ அதைக் கட்டமாட்டாள்.

பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போயிருக்கிறேன். கோர்ட்டு டவாலி கதவுக்கு வெளியே வந்து வராந்தா முழுக்கக் கேட்கும்படி கூப்பிடுவார்: "பாஞ்சாலி, கோம் லேட் முனிராஜ்!" கன்னடத்தில் கோம் என்றால் இன்னாருடைய மனைவி. லேட் என்பது எந்த பாஷைக்காரனுக்கும் தெரியும். மூன்று தடவை கூப்பிடுவார். அதற்குள் உள்ளே போய் நிற்கவேண்டும். அம்மா குனிந்து செருப்பைப் பார்த்தபடி எழுந்து போவாள். கால் வலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். மறுநிமிஷம் அடுத்த வாய்தாவோடு வெளியே வருவாள்.

ஒருவழியாக அம்மாவைக் குறுக்கு விசாரணை செய்ய நாள் குறித்தார்கள். போன தடவை அம்மாவுக்கு டெங்கு, போக முடியவில்லை. இந்தத் தடவையும் வராவிட்டால் கேஸைத் தள்ளுபடி செய்துவிடுவேன் என்று நீதிபதி சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் கல்லூரியில் சிறப்பு விருந்தினருக்கு வசதியாக விழாத் தேதியை மாற்றினார்கள். இரண்டும் ஒரே நாளில் வந்து விழுந்தன.

"நான் விழாவுக்குப் போகல. உன்கூட கோர்ட்டுக்கு வரேன்" என்றேன்.

"சும்னே இருடி. எனக்கு கோர்ட்டுக்கு வழி தெரியாதா? நீ போய் பட்டம் வாங்கு" என்றாள் அம்மா. பிறகு, "மேடையில உன்ன என்னன்னு கூப்புடுவாங்க?" என்று கேட்டாள்.

"மமதா எம். னு."

"எம். எதுக்கு? முழுசா அப்பா பேர சொல்லச் சொல்லு."

கல்லூரியில் சொன்னேன். மாற்றிக்கொண்டார்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நானும் யோசிக்கவில்லை.

விழா அன்று காலையில் அம்மா எனக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டாள். கோர்ட்டுச் சேலை. புத்தர் படத்துக்குப் பக்கத்திலிருந்த அப்பா படத்தின் முன் ஒரு நிமிஷம் நின்றாள். "பயப்படாம பேசும்மா. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்றேன். "சரிங்க வக்கீலம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எங்கள் கல்லூரி ஆனேக்கல் போகிற வழியில் இருக்கிறது. கோர்ட்டு நகரத்துக்கு நடுவில். இரண்டுக்கும் இடையில் ஓசூர் ரோட்டு டிராபிக் மொத்தமும் கிடக்கிறது.

சிறப்பு விருந்தினர் ஓய்வுபெற்ற நீதிபதி. தாமதமான நீதியைப் பற்றி நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார். அவர் காலத்தில் எத்தனை வாய்தா கொடுத்திருப்பாரோ என்று நினைத்துக்கொண்டிருந்தபோது உள்ளங்கையில் போன் அதிர்ந்தது. டெஸ்மண்ட் சார். ரக்ஷாவின் தோளுக்குப் பின்னால் குனிந்து எடுத்தேன்.

"மமதா, எங்கம்மா உங்கம்மா?"

"கோர்ட்டுல சார்."

"இங்க இல்லம்மா. நம்ம கேஸ கூப்ட்டாச்சு. நான் ஜட்ஜ்கிட்ட கெஞ்சி மத்யானத்துக்குத் தள்ளி வெச்சிருக்கேன். லஞ்ச் முடிஞ்சதும் மறுபடி கூப்புடுவாங்க. அப்பவும் ஆள் இல்லன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. போன் வேற ஆஃப் பண்ணி வெச்சிருக்காங்க."

விபத்தா, மயக்கமா, பஸ்ஸில் ஏதாவதா என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். பயம் வரவேண்டிய இடத்தில் அதே மரத்துப்போன கன்னம். எழுந்து வெளியே போகலாம் என்று திரும்பியபோதுதான் பார்த்தேன். கடைசிக்கு முன் வரிசையில், குளோரியா ஆண்ட்டிக்குப் பக்கத்தில், பச்சைப் பட்டுச் சேலையில் அம்மா.

நீதிபதி பேசிக்கொண்டிருக்கும்போதே வரிசைகளுக்கு நடுவே இருந்த வழியில் இறங்கிப் பின்பக்கம் நடந்தேன். அங்கி காலில் தடுக்கியது. ரக்ஷாவின் சொந்தக்காரர்கள் மொத்தமாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இங்க என்னம்மா பண்ற?"

"பாத்தா தெரியல? உக்காந்திருக்கேன்."

"என்ன கேக்காத" என்றார் குளோரியா ஆண்ட்டி. "கோர்ட்டுக்குப் போறேன்னு கெளம்பின பொம்பள நேரா என் வீட்டுக்கு வந்து சேலைய மாத்தினா. படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கேட்டாத்தானே?"

"உன் பேர கூப்ட்டாச்சும்மா. சார் கெஞ்சி மத்யானத்துக்குத் தள்ளி வெச்சிருக்காரு. இப்போ கெளம்பினா போயிடலாம். எழுந்திரு."

"உன் பேர இன்னும் கூப்புடலையே."

"என் பேரு எங்கயும் ஓடிடாது. சர்டிபிகேட்ட தபால்ல அனுப்புவாங்க."

"சர்டிபிகேட்ட அனுப்புவாங்க. கூப்புடறத அனுப்புவாங்களா?"

"கேஸ் போயிடும்மா. இத்தன வருஷக் கேஸ்."

"தெரியும்." அம்மா என்னைப் பார்க்கவில்லை. மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உன்ன கூப்புடட்டும். அப்புறம் நீ சொல்ற எடத்துக்கு வரேன். போ, போய் உக்காரு. எல்லாரும் பாக்கறாங்க."

மூன்று மாதிரி நீதிமன்றப் போட்டிகளில் கோப்பை வாங்கியவள் நான். அம்மாவிடம் ஒரு நிமிஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். கோபம் வந்திருந்தால் இழுத்திருப்பேன். அதுவும் வரவில்லை. திரும்பிப் போய் உட்கார்ந்தேன்.

நீதிபதி முடித்தார். முதல்வர் ஆரம்பித்தார். நன்கொடையாளர் ஒருவருக்குச் சால்வை போட்டார்கள். பிறகு பெயர்கள். எங்கள் பிரிவு கடைசி. ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டல், படியேறல், கைகுலுக்கல், போட்டோ. ரக்ஷாவுக்கு ஒரு வரிசையே எழுந்து விசிலடித்தது. எங்கேயோ டவாலி கதவைத் திறந்து வெளியே வருவதை நினைத்துப் பார்த்தேன். நினைப்பும் யாருடையதோ போலத்தான் இருந்தது.

"மமதா முனிராஜ்."

மைக்கில் ஒரு பெண்ணின் குரல், நிறுத்தி, தெளிவாக. படியேறினேன். நீலச் சுருள் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். போட்டோவுக்காகத் திரும்பியபோது அம்மாவைத் தேடினேன். குளோரியா ஆண்ட்டி எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். அம்மா தட்டவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. பக்கத்துச் சுவரில் மேலே மாட்டியிருந்த ஸ்பீக்கர் பெட்டியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள், பெயர் இன்னும் அதற்குள் இருக்கிற மாதிரி.

மேடையிலிருந்து இறங்கி நாற்காலிக்குப் போகாமல் நேராக அம்மாவிடம் போனேன். சொன்ன சொல் தவறாமல் எழுந்து வந்தாள். அங்கியைத் திருப்பிக் கொடுக்கக்கூட மறந்து வாசலில் ஒரு கார் பிடித்து ஏறினோம். குளோரியா ஆண்ட்டி பஸ்ஸில் வருவதாகச் சொல்லிவிட்டார். டிரைவர் கண்ணாடியில் என் அங்கியைப் பார்த்துவிட்டு, "லாயரா மேடம்?" என்றார். "இன்னும் இல்ல" என்றேன்.

சில்க் போர்டு சிக்னலில் கார் நின்றது. நின்றது என்றால் நின்றேவிட்டது. போன் அதிர்ந்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஆயிடுச்சும்மா" என்றார் டெஸ்மண்ட் சார். "மூணு தடவ கூப்ட்டாங்க. டிஸ்மிஸ். சாரிம்மா." அவர் குரலில் திட்டுகிற தெம்புகூட இல்லை.

"கேஸ் போச்சும்மா" என்றேன்.

"ம்."

"ம்னா? அப்பா அங்க வேல செஞ்சாருன்னு அவனுங்க ஒத்துக்கணும்னு நீதானே சொல்லினே இருப்ப? அதுக்குத்தானே நான் படிச்சேன்? இன்னைக்கிப் போய் இப்படி பண்ணிட்டியே."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முன்னால் நின்ற பஸ் கொஞ்சம் நகர்ந்தது. நாங்களும் கொஞ்சம் நகர்ந்தோம்.

"அந்த டவாலி ஆளு மேல தப்பில்ல" என்றாள். "அவன் வேல அது. ஆனா எப்போ கூப்ட்டாலும் லேட் முனிராஜ், லேட் முனிராஜ்னு வராந்தாவே அதிர்ற மாதிரி கூப்புடறான். நானும் ஒவ்வொரு வாட்டியும் ஆமாங்கன்னு எழுந்து போறேன். அவர் செத்துட்டாருன்னு நானே போய்ப் போய் சாட்சி சொல்ற மாதிரி இருக்கும்."

நான் நீலச் சுருளைப் பக்கத்தில் வைத்தேன்.

"அவர் போனதுலேர்ந்து ரேஷன் கார்டுல லேட். பேங்குல லேட். உன் ஸ்கூல்ல லேட். அந்த வார்த்த இல்லாம அவர் பேர ஒரே ஒரு வாட்டி, நாலு பேருக்குக் கேக்கற மாதிரி யாராச்சும் கூப்புடணும்னு இருந்திச்சு. கோர்ட்டுல அது நடக்காது. கேஸ் ஜெயிச்சாலும் லேட் முனிராஜ்தான் ஜெயிப்பாரு." முந்தானையை எடுத்து மடியில் மடித்து வைத்துக்கொண்டாள். "உனக்கு முழுப் பேரும் கூப்புடறது இன்னைக்கி ஒரு நாள்தானேடி."

அப்போதுதான் வலித்தது. ஊசி மருந்தின் வேகம் இறங்கிய பிறகு வலிக்குமே, அப்படி, எல்லாம் ஒரே நேரத்தில். வராந்தாவில் செருப்பைப் பார்த்தபடி எழுந்து போகிற அம்மா. அந்த வார்த்தையைக் காதில் வாங்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பன் தின்ற நான். அங்கியின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வாடகை அங்கி, துணி சொரசொரப்பாக இருந்தது. டிரைவர் பாட்டுச் சத்தத்தைக் குறைத்தார்.

"நல்லா கேட்டுச்சாம்மா?" என்றேன்.

"நல்லா கேட்டுச்சு. அந்தப் பொண்ணு நிறுத்திச் சொல்லிச்சு."

சிக்னல் விழுந்தது. எங்கள் வரிசை மட்டும் நகரவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு வக்கீல் குரலைத் தேடி எடுத்தேன்.

"கேஸ மறுபடி எடுக்கச் சொல்லி மனு போடலாம். நான் எழுதறேன், டெஸ்மண்ட் சார் கையெழுத்துப் போடுவாரு. ஜட்ஜ் ஒத்துக்குவாரா மாட்டாரான்னு தெரியாது. நீ ஏன் வரலன்னு காரணம் சொல்லணும். உடம்பு சரியில்லன்னு எழுதட்டா?"

"பொய் எதுக்கு?" என்றாள் அம்மா.

"அப்போ என்னன்னு எழுத?"

"என் வீட்டுக்காரர் பேர கூப்ட்டாங்க, கேக்கப் போயிருந்தேன்னு எழுது."