நாலு நொடி விசில்

“மாத்திட்டாக தாயி. போன மாசமே மாத்திட்டாக. இப்பக் கம்பெனி பேரு மட்டும் சுத்திச் சுத்தி வரும்.”

“பழைய எபிசோடு போனுல கிடக்கும்ல அண்ணே?”

“அதுக்கும் முன்னால புதுசத்தான் ஒட்டி வச்சிருக்காக. நானும் தேடிப் பாத்துட்டேன்.”

ஜெசிந்தா சுருளிராஜனிடம் கேட்டு வந்தது ஒரு லோகோவை. ஏழரை மணித் தொடருக்கு முன்னால் நாலு நொடி வரும். கோம்பை ஊர் வயல் வரப்பில் ஓடும் செவலை நாய் ஒரு விசிலுக்கு நின்று திரும்பிப் பார்க்கும். தயாரிப்பு நிறுவனத்தின் பெயர் எழும். நாய் சுருளிராஜனுடையது. படப்பிடிப்புக்கு இடம் பிடித்துக் கொடுப்பவர் அவர். அதைப் படம் பிடித்த அன்று யார் கூப்பிட்டும் திரும்பாத நாயை, ஜீப்பை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்த பிரின்ஸ்தான் இரண்டு விரலை வாயில் வைத்துத் திருப்பினான். ஜெசிந்தாவின் ஒரே மகன். மூன்று வருடமாக, “ஏலே, உன் பாட்டு வந்திருச்சு” என்று தினமும் அவனைக் கேலி செய்தாள்.

கம்பம்மெட்டு மலைச் சாலையில் ஜீப் உருண்டு அவன் போனபின், முப்பதாம் நாள் பூசைவரை வீட்டில் டிவி ஓடவில்லை. துக்க வீட்டில் போடக்கூடாது என்று சொன்னவள் அவள்தான். பூசை முடிந்த அன்று மாலை நாற்காலியைத் திரைக்குக் கிட்டே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எழுத்துகள் சுழன்றன.

அவன் சத்தம் வேறு எதிலும் பதிவாகி இல்லை. அவனுடைய போன் ஜீப்போடு நொறுங்கியிருந்தது.

சுருளிராஜன், சென்னையில் அந்த லோகோவுக்கு ஒலிப்பதிவு பார்த்த ஞானசிகாமணியைப் போன் ஸ்பீக்கரில் பிடித்தார்.

“யோவ் சுருளி, இன்னும் உயிரோடதான் இருக்கியா?”

“சார், பக்கத்துல ஆளு இருக்கு,” என்று அவசரமாகத் தடுத்து, விஷயத்தைச் சொன்னார்.

ஞானசிகாமணி நேரே ஜெசிந்தாவிடமே பேசினார்.

“அம்மா, அது உங்க பையன் அடிச்ச விசில் இல்லைங்க. அன்னிக்கு ஒரே காத்து, எதுவும் தேறல. அவர் அடிச்சதைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஸ்டூடியோவுல நான்தான் அதே மாதிரி அடிச்சேன். அசலை அப்பவே அழிச்சாச்சு.”

கேலி செய்யும்போதெல்லாம் பிரின்ஸ் ஒன்றும் சொல்லாமல் சிரித்துக்கொண்டே வெளியே போனது ஜெசிந்தாவின் நினைவுக்கு வந்தது. அவனுக்குத் தெரிந்திருக்கும்.

சுருளிராஜன் போனை அணைக்கக் கையை நீட்டினார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“சார், அவன் அடிச்சதக் காதால கேட்டவுக நீங்க. அதே மாதிரி இப்ப ஒருவாட்டி அடிக்கிறீகளா?”